சிம்ஸ் 4: ஒண்டுக்குடித்தனத்துக்கு ஆயுள் எவ்வளவு வைப்பது?

சிம்ஸ் 4, ஆட்களை உருவாக்கி வீடு கட்டிக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை நடத்துகிற கணினி விளையாட்டு. அதற்கு வாடகை வீடுகளைச் சேர்க்கும் ஃபார் ரென்ட் பேக் (கூடுதல் தொகுப்பு) 2023 டிசம்பரில் வந்ததிலிருந்தே மனதில் இருந்த யோசனை இது. திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற மாதிரி ஒரு ஒண்டுக்குடித்தன வீடு, நடுவில் முற்றம், சுற்றிலும் போர்ஷன்கள், மூன்று குடும்பம், மூன்று தலைமுறை. ஒரே மனையில் ஆறு யூனிட் வரை கட்ட விடுகிறார்கள், நான் நாலோடு நிறுத்திக்கொண்டேன். வீடு கட்டியதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன். கட்டி முடித்து ஆட்களைக் குடிவைத்ததும் வந்த தலைவலி ஏஜிங் செட்டிங் (ஆட்களுக்கு எப்படி வயது ஏறுவது என்று வைக்கும் இடம்), அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மெனுவில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆயுளுக்கு ஷார்ட், நார்மல், லாங் என்று மூன்று. நாம் ஆடும் குடும்பங்களுக்கு வயது ஏறலாம், ஏறக்கூடாது, அல்லது அந்த நேரத்தில் ஆடுகிற குடும்பத்துக்கு மட்டும் ஏறலாம். நாம் ஆடாத ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு டிக். அவ்வளவுதான். ஆனால் இவை ஒன்றோடொன்று சேரும்போது நடக்கிற கூத்தை அந்த மெனு சொல்வதில்லை.

முதலில் நார்மல். இதில் யங் அடல்ட், அதாவது இளைஞர் பருவம் 24 நாள். சாதாரண வேகத்தில் சிம்ஸின் ஒரு நாள் நம்முடைய 24 நிமிடம், அதாவது ஒருவருடைய மொத்த இளமையும் ஒன்பதரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆபீஸ் முடிந்து ஓஎம்ஆர் டிராஃபிக்கைத் தாண்டி வீட்டுக்கு வந்து ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து நாள் ஓடிவிடும், ஒரு வாரத்தில் ஆள் நடுத்தர வயதுக்குப் போய்விடுவார். வேகம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கல்லூரிதான் கெடுத்தது. டிஸ்கவர் யுனிவர்சிட்டி பேக்கில் ஒரு பட்டத்துக்கு 12 பாடம், ஒரு டெர்முக்கு அதிகபட்சம் நாலு, ஒரு டெர்ம் ஒரு வாரம். இடைவெளியே விடாமல் படித்தாலும் 21 நாள் காலி, மிச்சம் மூன்று நாள். முதல் போர்ஷன் முரளி பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, சுதாவிடம் காதலைச் சொல்வதற்குள் அவனுக்கு அடல்ட் ஆகும் பிறந்தநாள் வந்து நின்றது. நம் ஊரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அலைகிற பையன்களை நினைத்தால் யதார்த்தம்தான் என்றாலும், விளையாட்டிலுமா?

சரி, லாங் போகலாம் என்று மாற்றினேன். அது நார்மலைப் போல நாலு மடங்கு, யங் அடல்ட் மட்டும் 96 நாள், நிஜ நேரத்தில் 38 மணி நேரத்துக்கு மேல். இங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஆயுளை நீட்டினால் ஆயுள் மட்டும்தான் நீள்கிறது. கர்ப்பம் அப்போதும் மூன்று நாள்தான், டெர்ம் ஒரு வாரம்தான், சமையலோ வயலினோ கற்கும் வேகமும் அதேதான். ஆகவே இளமை பாதி கூட முடியாதபோதே வேலையில் பத்தாவது படி ஏறியாகிவிடுகிறது, சமையல் பத்துக்குப் பத்து, அப்புறம் மிச்ச நாளெல்லாம் காபி போட்டுக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். டாட்லர் (நடை பழகும் குழந்தை) 28 நாள் டாட்லராகவே இருப்பது வேறு. அந்தப் பருவத்தை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஷார்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எல்லாம் பாதி, பல தலைமுறை சவால் எடுப்பவர்களுக்குச் சரி, எனக்குப் பெயர் வைத்த குழந்தையின் முகம் மனதில் பதிவதற்குள் அது பள்ளிக்கூடம் போய்விட்டது.

ஆயுளை நார்மலுக்கே திருப்பிவிட்டு அடுத்து எந்தக் குடும்பத்துக்கு வயது ஏறுவது என்பதைப் பார்த்தேன், உண்மையில் ஆட்டத்தை மாற்றியது இந்த இடம்தான். மூன்று குடும்பத்தையும் ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றி ஆடுகிறேன். எல்லோருக்கும் வயது ஏறும்படி வைத்தால், முதல் போர்ஷனில் நான் இருக்கும்போது மற்ற இரண்டிலும் நாள் ஓடுகிறது. 24 நாள் இளமையில் என் கண்ணுக்குத் தெரிவது எட்டு நாள், மிச்சம் பதினாறு நாள் நான் இல்லாதபோதே கழிந்துவிடும். ஆடுகிற குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்தால் 24 நாளும் என் கையில். மூன்று வீட்டுக் குழந்தைகளும் அதிகபட்சம் ஒரு வாரம் முன்னே பின்னே இருப்பார்கள், ஒரு சுற்று முடிந்ததும் சமமாகிவிடும். முற்றத்தில் ஒன்றாக விளையாடியவர்கள் ஒன்றாகவே டீன் ஆவதைப் பார்க்க முடிகிறது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சீசன்ஸ் பேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பருவகாலத்தை ஏழு நாளாக வைத்தால் ஒரு வருடம் 28 நாள். மூன்று குடும்பம், நாலு பருவம் என்பதால் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முதல் போர்ஷனுக்கு வேறு பருவம் கிடைக்கிறது, 12 வாரத்தில் நாலையும் பார்த்துவிடுகிறார்கள். நாலாவது போர்ஷனிலும் ஆள் வைத்து இதே வாரக் கணக்கில் சுற்றினால் முதல் வீட்டுக்காரர்களுக்கு ஆயுள் முழுக்க வெயில் காலம்தான். (சென்னைக்கு அது பொருத்தம்தான் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.) நாலாவது போர்ஷன் காலியாகவே கிடக்கிறது, வாசலில் டு-லெட் போர்டு ஒன்றுதான் பாக்கி. காலண்டரில் நானே சேர்த்த பொங்கலும் இப்படிச் சுற்றினால்தான் எல்லா வீட்டுக்கும் முறை வைத்து வரும்.

ஊர்க்காரர்களுக்கான டிக்கை எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் காலண்டர் ஓட ஓட அவர்களுக்கு வயது ஏறும், என் ஆட்களுக்கோ மூன்றில் ஒரு பங்குதான். கேமிலேயே வரும் வில்லோ க்ரீக் ஊரில் இருக்கிற அலெக்ஸாண்டர் கோத், மூன்றாவது போர்ஷன் நிலாவுக்குப் பள்ளித் தோழன், அவள் பள்ளி முடிப்பதற்குள் இரண்டு பருவம் தாண்டியிருப்பான். டிக்கை எடுத்ததில் எதிர்ச் சிக்கல் என்னவென்றால் அவன் என்றைக்கும் சிறுவன். அதனால் கதையில் ஒட்டிக்கொண்ட ஊர்க்காரர்களுக்கு மட்டும் எம்சி கமாண்ட் சென்டர் என்ற மாட் (ரசிகர்கள் எழுதிய துணை நிரல்) வழியாக நானே வயதைக் கூட்டிவிடுகிறேன். கேமுக்குப் பேட்ச் (அப்டேட்) வரும்போது மாட்கள் தானாக அணைந்துவிடும், புது வெர்ஷன் வந்த பிறகுதான் திரும்பப் போட வேண்டும், பொறுமை தேவை.

அதே மாட் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக நாள் வைக்க விடுகிறது. யங் அடல்ட்டை மட்டும் 40 ஆக்கினேன். கல்லூரிக்கு 21 போனாலும் கல்யாணம் காட்சிக்கு 19 நாள் மிஞ்சும். மற்றதில் கை வைக்கவில்லை. டாட்லருக்கு ஏழு நாள் போதும், ஐந்து திறனையும் முழுதாக முடிக்க அது கொஞ்சம் நெருக்கடிதான், ஆனால் அந்த நெருக்கடி இல்லாவிட்டால் வேறு என்ன வேலை?

ரங்கநாயகிப் பாட்டி மட்டும் தீர்வாகவில்லை. எல்டர் (முதுமை) பருவத்தின் பட்டை நிரம்பிவிட்டது, இனி எந்த நேரத்திலும் அழைப்பு வரலாம். அக்கா பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், "மாமா, பாட்டியைச் சாக விடாதீங்க" என்று ஒரே பிடிவாதம். யூத் போஷன் வாங்கிக் கொடுத்தால் எல்டர் நாட்கள் முதலிலிருந்து தொடங்கும், பாட்டியின் கணக்கில் அதை வாங்கப் புள்ளிகளும் இருக்கின்றன. எனக்கு விருப்பமில்லை, வீட்டில் ஒருவர் போய் அந்த அறைக்கு அடுத்தவர் வருவதுதான் இந்த ஆட்டத்தின் ருசி என்று நினைக்கிறேன். இப்போதைக்கு உடன்பாடு: போஷன் ஒரே ஒரு முறை, டிரெட்மில் பக்கம் பாட்டி போகக் கூடாது, எல்டர்கள் அதிகமாக உடம்பை வருத்தினால் அதிலேயே போய்விடுவார்கள். பூனைக்கு வயது ஏறுவதற்கும் தனி டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டோம், அதில் எங்கள் இருவருக்கும் வாக்குவாதமே வரவில்லை.