ஷாப் ஃப்ளோரிலிருந்து டேட்டா அனலிடிக்ஸுக்கு: பிரேக்டவுன் ரெஜிஸ்டரே முதல் புராஜெக்ட்

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் மெஷின் லேர்னிங்கில் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். அனலிஸ்ட் வேலைக்கு எக்செல், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி), பவர் பிஐ (டாஷ்போர்டு செய்யும் மென்பொருள்) என்ற வரிசை போதும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்; பாதி எஸ்க்யூஎல்லுக்கே போகட்டும். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

புராஜெக்டுக்கு, கற்றுக்கொள்கிறவர்கள் வழக்கமாக எடுக்கும் டைட்டானிக் பயணிகள் பட்டியல் வேண்டாம், அதைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் சலித்துவிட்டது. உங்களுக்குக் கைவந்த பிரேக்டவுன் ரெஜிஸ்டரை (எந்த மெஷின் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்ற பதிவேட்டை) எடுங்கள். கம்பெனி டேட்டாவைத் தொடாமல், அதே நெடுவரிசைகளில் (காலம்களில்) எண்களை நீங்களே போட்டு உருவாக்குங்கள்.

முதல் சிக்கல் நைட் ஷிஃப்டில் வரும். மெஷின் 23:40க்கு நின்று 00:30க்கு ஓடியது என்றால், நேரத்தை மட்டும் கழிக்கும்போது எக்செல் ##### காட்டும். கழித்து வந்ததை மாட் ஃபங்ஷனில் (வகுத்து மீதியைத் தருவது) வகுஎண்ணாக 1 கொடுத்துப் போட்டால் 50 நிமிடம் சரியாக வரும். தேதியும் இடறும்: முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்குத் தொடங்கும் ஆலையில், தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பிலிருந்து 6 மணி நேரத்தைக் கழித்துத்தான் உற்பத்தித் தேதியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஷிஃப்ட் இரண்டு நாளாக உடையும்.

அடுத்தது ஓஇஇ, அதாவது மெஷின் நேரத்தில் எவ்வளவு நல்ல உற்பத்தியாக மாறியது என்ற சதவீதம். பீஸுக்கு ஒரு நிமிடம் சைக்கிள் டைம் என்று கொள்வோம். ஒரு மெஷின் 480 நிமிடத்தில் 380 நல்ல பீஸ் தந்தால் 79.2%. இன்னொன்று 60 நிமிடத்தில் 30 என்றால் 50%. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 64.6%. உண்மையில் அது 410/540, அதாவது 75.9%. பவர் பிஐயில் சதவீதத்தைத் தனி நெடுவரிசையாகப் போட்டு ஆவரேஜ் எடுக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மெஷராக (காட்டும்போதே கணக்கிடும் ஃபார்முலாவாக) எழுதி, கூட்டுத்தொகையைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

எஸ்க்யூஎல்லில் மெஷின் டேபிளோடு பிரேக்டவுன் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு (மெஷின் டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இணைத்துவிட்டு), பிரேக்டவுன் மாதத்தை வேர் (WHERE) பகுதியில் எழுதினால், அந்த மாதம் ஒருமுறைகூட நிற்காத மெஷின்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அவற்றுக்கு மாதம் நல் (NULL, வெற்று மதிப்பு) ஆகவோ வேறு மாதமாகவோ வருவதால் வேர் வடிகட்டிவிடுகிறது. அந்த நிபந்தனையை, டேபிள்களை இணைக்கும் ஆன் (ON) பகுதிக்கு மாற்றுங்கள். இன்டர்வியூவில் இதைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

ரெஸ்யூமேயில் "டாஷ்போர்டு செய்தேன்" என்று நிறுத்தாமல், நைட் ஷிஃப்ட் தேதியை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.