விசிலில் ‘த்ரி மார்தொலோட்’: இதுவரை வந்த தூரம்

பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் 1972 பிப்ரவரி 28 அன்று, பிரான்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள பிரிட்டனியின் பாடகர் அலன் ஸ்திவெல் நடத்திய கச்சேரி, அதே ஆண்டு இசைத்தட்டாக வந்தது. அதிலிருந்து ஒரு பாட்டையாவது டின் விசில் என்ற சின்னக் குழலில் உருப்படியாக வாசித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். எடுத்துக்கொண்டது ‘த்ரி மார்தொலோட்’. பிரிட்டனியின் பழைய நாட்டுப்பாட்டு. மூன்று இளம் மாலுமிகள் கடலுக்குப் போகிறார்கள். காற்று அவர்களை நியூஃபவுண்ட்லாந்து வரை தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே ஒரு மாவு ஆலைக்குப் பக்கத்தில் நங்கூரம் போடுகிறார்கள். ஆலையில் வேலை செய்யும் பெண், நாம் எங்கே பழகினோம் என்று கேட்க, நாந்த் நகரச் சந்தையில் மோதிரம் பார்த்த கதை வருகிறது. 1998-இல் மனோ என்ற ராப் குழு இதே மெட்டை எடுத்துப் போட்ட பாட்டு பிரான்ஸ் முழுக்க ஓடியதால், ஸ்திவெல் பெயரே தெரியாத பிள்ளைகளுக்குக்கூட இந்த மெட்டு தெரியும்.

வேலைக்காக ரென் நகரத்துக்கு வந்து தங்கியவன் நான். பிரிட்டனியின் தலைநகரம் இது. அறுபதைத் தாண்டிய யாரிடமாவது ஒலிம்பியா கச்சேரி என்று சொன்னால் போதும், நம் வேலை கெட்டது. அரை மணி நேரம் பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். முதலில் கைதட்டலைச் சொல்வார்கள், அடுத்து டிரம்ஸ், அப்புறம்தான் யாழ் போன்ற ஹார்ப். பாட்டைச் சொல்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

தட்டைக் கேட்டால் அது ஏன் என்று புரியும். முதல் பக்கம் பெரும்பாலும் அமைதி. ஹார்ப், பிடில், குரல் என்று நிதானமாகப் போகும். இரண்டாம் பக்கம் ‘பாப் பிளின்’ என்று ஆரம்பிக்கும்போதே மின்கிதாரும் ஆர்கனும் சேர்ந்து இறங்கிவிடும். கிதாரில் டான் அர் பிராஸ், பிடிலில் ரெனே வெர்னேர். கூடவே இருந்த கேப்ரியல் யாகூப் பிறகு மாலிகோர்ன் என்ற நாட்டுப்புற இசைக்குழுவைத் தொடங்கியவர். ஸ்திவெல்லுக்கு அப்போது 28 வயது. அவருடைய அப்பா, வழக்கொழிந்து போயிருந்த பிரெத்தோன் (பிரிட்டனி) ஹார்ப்பை 1953-இல் தன் கையாலேயே மறுபடி செய்தவர். ஒன்பது வயதில் அதில் வாசிக்க ஆரம்பித்த பையன்தான் இவர். என்னைக் கேட்டால், முதல் பக்கத்தைத் தாண்டிக் குதித்து இரண்டாம் பக்கத்துக்குப் போகிறவர்கள் பாதிக் கச்சேரியைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கருத்துக்கு ரென்னில் ஆதரவு குறைவு.

விசில் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது பித்தளைக் குழாயும் பிளாஸ்டிக் ஊதுவாயும் கொண்ட மலிவான டி விசில். ஆறு துளை. எல்லாவற்றையும் மூடி ஊதினால் மேற்கத்திய ஸ்வரமான டி, எல்லாவற்றையும் திறந்தால் சி-ஷார்ப். கொஞ்சம் அழுத்தி ஊதினால் அதே விரல்களுக்கு மேல் ஸ்தாயி. நம் ஊர் புல்லாங்குழல் போல உதட்டை வைத்து ஒலியைத் தேட வேண்டியதில்லை; ஊதினால் ஒலி வந்துவிடும். அதனாலேயே எளிது என்று நினைத்துவிடுவோம். ஈ-யை சட்ஜமாக வைத்துத் துளைகளை வரிசையாகத் திறந்தால் கரகரப்பிரியா ஸ்வரங்கள் தாமாக விழும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு பிடிமானம். அதை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுக்கு ராகம் கண்டுபிடிக்கப் புறப்பட்டால் ஒன்றும் தேறாது.

முதல் சிக்கல் சுருதி. தட்டோடு சேர்ந்து வாசித்தால் விசில் சற்றே மேலே நின்றது. இந்த வகை விசிலில் ஊதுவாய் குழாயோடு பசை போட்டு ஒட்டியிருக்கும். தலைப்பகுதியை மட்டும் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, துணி சுற்றித் திருகினால் பசை விட்டுக்கொடுக்கும். அதன் பிறகு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று வெளியே இழுத்துச் சுருதியை இறக்கலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். இன்னொன்று, ஊதிக்கொண்டே இருந்தால் ஊதுவாயின் இடுக்கில் எச்சில் கோத்துக்கொண்டு ஒலி கம்மிப் போகும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு, தண்ணீரோடு கலந்து அந்த இடுக்கில் விட்டுக் காயவைத்தால் ஈரம் துளித்துளியாக நிற்காமல் வழிந்துவிடும். வாசிக்கும்போதே அடைத்தால், காற்று வெளியேறும் ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு பலமாக ஊத வேண்டியதுதான்.

இரண்டாவது, ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வரும் இடங்கள். நாக்கால் தட்டித் தட்டிப் பிரித்தால் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியம் மாதிரி இருக்கிறது. அதற்குப் பதில் மேலே உள்ள ஒரு விரலைக் கண நேரம் தூக்கி வைக்க வேண்டும். அந்தச் சின்ன வெட்டு காதில் தனி ஸ்வரமாக விழக்கூடாது. விழுந்தால் விரல் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துப் போடும் செயலியில் தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகினேன். கமகம் கேட்டு வளர்ந்த விரல் எல்லா இடத்திலும் இழுக்கப் பார்க்கிறது. அதை அடக்குவதுதான் பெரிய பாடு.

விரல் ஓரளவுக்கு வந்த பிறகும் பாட்டு பாட்டாகவில்லை. மெட்டு சரி, தாளம் சரி, ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் தொய்ந்து விழுந்தது. மூச்சு எடுக்க நான் நிறுத்துகிற இடம் அது.

இதை அவிழ்த்துவிட்டவர் எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கும் பெரியவர். விசில் சத்தம் அவர் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. குறை சொல்ல வருகிறார் என்று நினைத்தேன், பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதைச் சொல்ல வந்திருக்கிறார். அந்தக் கச்சேரி யூரோப் 1 வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. அவர் அப்போது பள்ளி மாணவர், உள்நாட்டில் ஒரு கிராமம். சமையலறையில் வானொலி ஓடிக்கொண்டிருக்க, பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோனில் பாட்டு வந்ததும் அவருடைய அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாராம். பள்ளியில் பிரெத்தோன் பேசினால் கழுத்தில் மரக்கட்டையோ பழைய செருப்போ மாட்டி அவமானப்படுத்திய காலத்தில் படித்தவர் அந்த அம்மா. பாரிஸிலிருந்து அந்த மொழி வருகிறது, அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டுகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனதாம். கச்சேரி முடிவதற்குள் ஜன்னலை மறுபடி திறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்தார். இங்கே எல்லோரும் முதலில் கைதட்டலைச் சொல்வதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, மூச்சு விஷயம். பிரிட்டனியில் நடனத்துக்குப் பாடும் முறைக்கு ‘கான் ஹா திஸ்கான்’ என்று பெயர். இரண்டு பேர் பாடுவார்கள். முதல் ஆள் ஒரு வரி பாடுவார். அதன் கடைசி அசைகளிலேயே இரண்டாமவர் சேர்ந்துகொண்டு, அதே வரியைத் திரும்பப் பாடுவார். அவர் முடிக்கும் அசைகளில் முதல் ஆள் மறுபடி சேருவார். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பாடிக்கொண்டிருப்பதால் ஆடுகிறவர்களின் காலுக்கு நிறுத்தமே கிடையாது. பொம்பார்து, பினியூ ஜோடியிலும் இதே ஏற்பாடுதான். பொம்பார்து நம் நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்: இரட்டைச் சீவாளி, கூம்புக் குழாய், காதைப் பிளக்கும் ஒலி. ஊதுவதற்கு அவ்வளவு தம் வேண்டும் என்பதால் அந்த ஆள் ஒரு வரி விட்டு ஒரு வரி ஓய்வெடுப்பார். பினியூ ஒரு சின்னத் தோல்பை வாத்தியம். இடைவிடாமல் ஓடும், ஒத்தும் அதிலேயே இருக்கிறது.

‘த்ரி மார்தொலோட்’ வரிகள் திரும்பத் திரும்ப வரும் விதத்திலும் அந்தப் பழக்கம் தெரிகிறது. ஒலிம்பியாவில் ஸ்திவெல் மூச்சு வாங்கும் இடத்தைக் குழு நிரப்புகிறது. தனியாக விசில் வாசிக்கிறவனுக்கு நிரப்ப ஆள் இல்லை. ஆகவே பெரியவரையே கேட்டேன். தனக்குப் பாட வராது என்றார், பிறகு பாடினார். நான் ஒரு வரி வாசிக்கிறேன், கடைசி இரண்டு ஸ்வரங்களில் அவர் குரல் நுழைகிறது, நான் மூச்சு எடுக்கிறேன். முதல் சில முறை அவர் நுழைந்ததும் நான் மரியாதையாக நிறுத்திவிட்டேன். நிறுத்தாதீர்கள், என் மேலேயே வாசியுங்கள் என்று கையால் மேஜையைத் தட்டிக் காட்டினார். அந்த ஒட்டு விழுந்ததும் வேகம் தானாக ஏறியது. எதையும் கூட்டவில்லை, அதே ஸ்வரங்கள்தான்.

ஊரில் நடக்கும் ஃபெஸ்ட்-நோஸ் ஒன்றுக்கும் போய்வந்தேன். இரவு நடன விழா. யுனெஸ்கோ 2012-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு வரிசையாக ஆடும் ‘ஆன் த்ரோ’வில் என்னையும் இழுத்துவிட்டார்கள். கை ஒரு வட்டம் போடும்போது கால் இடப்பக்கம் நகர வேண்டும். ஆடியதால் விசிலுக்கு ஒரு லாபம்: எந்த ஸ்வரத்தில் கால் தரையைத் தொடுகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த ஸ்வரங்களில் மட்டும் மூச்சை அழுத்திப் பார்த்தேன், மெட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இப்போதைய நிலவரம்: ‘த்ரி மார்தொலோட்’ முழு வேகத்தில், பெரியவர் கூட இருந்தால் முழுதாக வருகிறது. தனியாக என்றால் மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டுகிறது. அதே தட்டில் இருக்கும் அயர்லாந்து மெட்டு ‘தி கிங் ஆஃப் தி ஃபேரீஸ்’ விசிலுக்கு வாகாக இருக்கும்போல் தெரிகிறது. முதல் பகுதி மட்டும் தேறியிருக்கிறது. ‘பாப் பிளின்’ பக்கம் இன்னும் போகவில்லை. கிதார் வாசிக்கும் அலுவலக நண்பர் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பொம்பார்து பழகும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றார், ஆனால் அவர்கள் வாத்தியம் பி-பிளாட் சுருதி. என் டி விசிலை எவ்வளவு இழுத்தாலும் அங்கே இறங்காது. பி-பிளாட் விசில் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். துளைகளின் இடைவெளி அதில் அதிகம், மோதிர விரல் எட்டுமா என்று பார்க்க வேண்டும்.