ரூபின் கணவாய்க்கு ஊட்டி உறைபனியில் ஒத்திகை: நாட்குறிப்பு

டிசம்பர் 29, தலைக்குந்தா (ஊட்டி அருகே)

மேகம் இல்லை, காற்றும் அசையவில்லை. இப்படிப்பட்ட இரவில்தான் உறைபனி விழும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் தேங்குகிறது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியைவிடக் கீழே காந்தல், தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் குளிர் கூடுதலாக இருக்கும் நாட்கள் உண்டு. இடுப்பு உயரத்தில் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும்போதே புல் வெளுத்துவிடும். மரத்தடியில் மட்டும் பச்சை அப்படியே இருக்கும்.

மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் இமயத்தின் ரூபின் கணவாய்க்கு (4,650 மீட்டர்) போகிறவர்கள் கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது இதே கணக்குத்தான். ஓடையோரச் சமதளம் பார்க்க அழகு, படுத்தால் குளிர். கொஞ்சம் மேட்டில் போடுங்கள்.

ஒத்திகைக்குக் காட்டுக்குள் போக வேண்டாம். அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. வீட்டுப் பின்பக்கப் புல்வெளியே போதும்.

ஜனவரி 4

அடுப்பைச் சோதிக்க இதைவிட நல்ல காலை அமையாது. நீள டப்பாவில் வரும் மலிவான கேஸ் பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதற்குக் கீழே திரவம் ஆவியாகாது, டப்பா கனமாக இருந்தும் சுடர் எழும்பாது. ஐசோபியூட்டேன் (மைனஸ் 12), புரோப்பேன் (மைனஸ் 42) கலந்த கேன்தான் பனிக்கு வேண்டும். அதுவும் எரிய எரியத் தானே குளிர்ந்துகொண்டு போகும். இரவில் கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள். நெருப்பில் காட்டவே கூடாது.

ஜனவரி 5

மேகமூட்டம். உறைபனி இல்லை.

ஜனவரி 11

இரவில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கை பழகிக்கொள்ள வேண்டும். நுண்குழாய் வாட்டர் ஃபில்டர் ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் உள்ளே குழாய்கள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வரும், கிருமியும் சேர்ந்து வரும். ஆகவே அது உடம்போடு தூங்க வேண்டியது. பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்: நீர் மேலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் திறந்திருக்கும். ஈரமான ஷூவின் கயிறு முழுக்கத் தளர்ந்திருக்கட்டும். இறுகிய நிலையில் உறைந்தால் காலையில் கால் நுழையாது. ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் தூங்குவதற்கு மட்டும், அதைப் போட்டுக்கொண்டு ஓரடிகூட நடக்கக் கூடாது. முகத்தைப் பேக்குக்குள் புதைத்துத் தூங்கினால் மூச்சின் ஈரம் உள்ளேயே நிற்கும். குல்லா போட்டு மூக்கை வெளியே விடுங்கள்.

ஜனவரி 18

கேரட் தோட்டங்களில் வெயில் படுமுன் தண்ணீர் தெளிக்கிறார்கள், பயிர் கருகாமலிருக்க. நேரத்தைப் பிடிக்கும் அந்தக் கவனம்தான் பனிப்பாதையிலும் வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரவில் பனியின் மேல்தோல் இறுகும். விடியலில் அதன்மேல் நடக்கலாம். வெயில் ஏற ஏற இளகி, முற்பகலிலேயே முழங்கால்வரை, சில இடங்களில் தொடைவரை கால் புதையும். ஒரு மணி நேரத்தில் முடியும் தூரம் மூன்று மணி நேரம் இழுக்கும். புதைந்த காலை அவசரமாக இழுத்தால் முழங்கால் பிசகும். பாறையை ஒட்டி நடக்காதீர்கள்: பாறை சூடேறிச் சுற்றிலும் உள்ளே குழியாக உருகியிருக்கும், மேலே மட்டும் மெல்லிய மூடி. ஓடையை மூடிய பனிப்பாலமும் அப்படித்தான், அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ அதில் கால் வைக்காதீர்கள். பாலமில்லாத ஓடையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பிற்பகலில் உருகுநீர் சேர்ந்து மட்டம் உயரும்.

அதனால்தான் கணவாய் நாளன்று விடியுமுன் கிளம்புகிறார்கள். அதிகாலை 3 மணிக்கு எழுந்து, விறைத்த விரலால் அடுப்பு பற்றவைத்து, 4 மணிக்குப் பையோடு நிற்க முடிகிறதா என்று இங்கேயே, இந்தக் குளிரில் பாருங்கள்.

ஜனவரி 25

ஊட்டியில் கற்க முடியாதது சரிவு. புல்நுனி உறைபனியில் நடந்ததை வைத்துப் பனிச்சரிவு பழகிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கணவாய்க்குச் சற்றுக் கீழே பனி நிறைந்த செங்குத்தான இடுக்கு இருக்கிறது. மைக்ரோஸ்பைக் (ஷூமேல் மாட்டும் சிறு முள் சங்கிலி) தட்டையான, மிதமான பாதைக்கு உதவும். அங்கே முன்னால் போகிறவர் வெட்டும் படியும், பனிக்கோடரியும், ஷூவடியில் கட்டும் நீளக் கூர்முனைச் சட்டமான கிராம்பானும்தான். ஷூ முனையால் முழங்காலிலிருந்து வீசி இரண்டு உதை, பாதி அடி பதிந்தபின் எடை. இறக்கத்தில் குதிகால் முதலில். சறுக்கினால் கோடரியால் நிறுத்தும் வித்தையைப் பயிற்சியாளர் முன்னால், கீழே பாறையில்லாத சரிவில் மட்டுமே பழக வேண்டும். புல்சரிவில் கூர்முனையோடு உருண்டு பார்ப்பது ஆபத்து. உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம் போன்ற இடங்களில் முறையாகக் கற்றுத்தருகிறார்கள்.

கண்ணாடி பக்கவாட்டிலும் மூடியிருக்கட்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80% வரை திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும்கூடக் கிரீம் தடவுங்கள்.

பிப்ரவரி 3

“நாங்க 2,240 மீட்டர்ல பொறந்து வளர்ந்தவங்க, எங்களுக்கு மூச்சு வாங்காது” என்ற பேச்சு இங்கே சகஜம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 76%, ரூபின் உச்சியில் 56%. சமவெளியில் ரயிலில் போய் இறங்கும் நாட்களில் உயரத்துக்கு உடம்பு பெற்ற பழக்கமும் குறையத் தொடங்கிவிடும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதே முகாமில் தங்குங்கள். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டம் என்றால் இரவானாலும் ஆள் துணையோடு கீழே இறக்குங்கள்.