கிரையோஸில் நேரம் கேட்டு விண்ணப்பித்த கதை

அமெரிக்காவில் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகங்களுக்குச் புரதங்களை உறையவைத்துப் படமெடுக்கும் டைட்டன் கிரையோஸ் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சொந்தமாக வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. விலையே பல மில்லியன் டாலர், பராமரிப்புச் செலவு தனி. அதனால்தான் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச். 2018-ல் நியூயார்க், போர்ட்லாண்ட், ஸ்டான்ஃபோர்டு என மூன்று இடங்களில் தேசிய கிரையோ-இ.எம். (உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி) மையங்களுக்கு நிதி ஒதுக்கியது. முடிவுகளை வெளியிடப்போகிற ஆய்வு என்றால் நுண்ணோக்கி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. என் வேலை நகர்ந்ததே இந்த ஏற்பாட்டால்தான்.

விண்ணப்பத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஆய்வின் தகுதியை வெளியிலிருந்து வரும் விஞ்ஞானிகள் எடைபோடுவார்கள். இந்த மாதிரியை வைத்து நல்ல தரவு எடுக்க முடியுமா என்பதை மையத்தின் பணியாளர்கள் பார்ப்பார்கள். பலரும் முதலாவதற்காக அறிமுகத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், உழைப்பைக் கொட்ட வேண்டியது இரண்டாவதில்தான்.

புரதத்தின் மூலக்கூறு எடை, செறிவு, ஜெல் வடிகட்டலில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) ஒற்றை முகடாக வந்த வரைபடம், எங்கள் பல்கலைக்கழகத்தின் 200 கிலோவோல்ட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் என எல்லாவற்றையும் இணைத்திருந்தேன். மாதிரி உறைந்த பனிப்படலம் மெல்லியதாக, புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அழகாகத்தான் தெரிந்தன. ஆனால் பணியாளர் ஒருவர் ஒரே மாதிரித் தெரியும் துகள்களைச் சேர்த்துச் சராசரி எடுத்த 2டி படங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாமே மேலிருந்து பார்த்த தோற்றமாக இருக்கிறதே, பக்கவாட்டுத் தோற்றம் ஏதாவது உண்டா?” என்று கேட்டு எழுதினார்.

மிகச் சரியான கேள்வி. மாதிரியைத் தாங்கும் சின்ன வலைத்தட்டான கிரிட்டை, உறையவைக்கத் திரவ ஈத்தேனில் அமிழ்த்துவதற்கு முந்தைய கணத்தில் துகள்கள் நீர்ப்பரப்பின் விளிம்புக்கு ஓடி, தரையில் சிதறிய காசுகள்போல ஒரே பக்கமாகப் படுத்துவிடும். அப்படி இருந்தால் எத்தனை லட்சம் துகள்களைச் சேர்த்தாலும் ஒழுங்கான முப்பரிமாண வடிவம் கிடைக்காது. சாப்சோ என்ற டிடர்ஜென்டைச் சேர்த்துப் புது கிரிட்டுகள் போட்டோம். பக்கவாட்டுத் தோற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. அந்தப் படங்களை அனுப்பிய பிறகு அனுமதி வந்தது.

கேட்கும் நேரத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். மணிக்கு எத்தனை படம், ஒரு படத்தில் சராசரியாக எத்தனை துகள், மொத்தம் எத்தனை துகள் தேவை என்று பெருக்கி எழுதினேன். கூட்டிக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் அதற்கு உடன்படமாட்டேன். அந்த இயந்திரத்தில் நமக்குப் பின்னால் வேறொரு மாணவர் காத்திருக்கிறார்.

அனுமதிக்குப் பின் கிரிட்டுகளை வளையத்தில் பொருத்தி, திரவ நைட்ரஜன் ஊறிய டிரை ஷிப்பர் என்ற குளிர்க்கலனில் அனுப்பினோம். கிரிட் பெட்டிகளின் மேல் எழுதும் பெயர்கள் படிவத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே கருவியில் ஏற்றுகிறவருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை.