மாலை போடும் மாதத்தில் குடி நிறுத்தம்: சில குறிப்புகள்

14.11.2025, வெள்ளி

திங்கட்கிழமை கார்த்திகை பிறக்கிறது. மாலை போட்டால் குடி நின்றுவிடும் என்பது பல வீடுகளின் நம்பிக்கை. நிற்கும்தான். ஆனால் தினமும் குவார்ட்டருக்கு மேல் போகிறவர், காலையில் ஊற்றினால்தான் கை நடுக்கம் அடங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் எல்லாம் டாக்டரைப் பார்த்த பிறகே குருசாமியிடம் போகவேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, இலவச எண்.

18.11.2025, செவ்வாய்

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். அதையும் தாண்டி 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் ஆள் தடுமாறுவார்: இருக்கும் இடம் தெரியாது, வேட்டியில் இல்லாத பூச்சியைத் தட்டித் தட்டி விடுவார். 'சாமி வந்திருக்கு' என்று விபூதி பூசி உட்காரவைப்பது இந்தக் கட்டத்தில்தான். உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வதும் ஆபத்து. பல வருடக் குடியில் பி1 சத்து வற்றிப்போயிருக்கும். வெறும் குளுக்கோஸ் மிச்சத்தையும் தீர்த்து மூளையைப் பாதிக்கலாம். தயமின் (அதுதான் பி1) ஊசியும் சேர்ந்தே போகவேண்டும். குடி விவரத்தை மறைத்தால் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

29.11.2025, சனி

இனி சாயங்காலம்தான் கண்டம். கூலி கைக்கு வரும் நேரம், டாஸ்மாக்கோ இரவு 10 வரை. அந்த நேரத்தில் பஜனைக்குப் போக இடம் இருப்பதே விரதத்தின் பாதி பலம். சுண்டலையும் லேசாக நினைக்கக் கூடாது. பசித்த வயிறு குடியைத்தான் தேடும்.

6.12.2025, சனி

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க மருந்து இருக்கா?' என்று வீட்டார் கேட்பதுண்டு. கூடாது. குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொல்லி, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழித்துத்தான் தொடங்கவேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை அதன் வேலை இருக்கும். அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்திலும் ஆல்கஹால் உண்டு, ஞாபகம் இருக்கட்டும்.

27.12.2025, சனி

மண்டல பூஜை. மாலை கழற்றிய கையோடு புத்தாண்டு இரவு, அடுத்துப் பொங்கல். பஜனை நின்றதும் அந்தச் சாயங்கால நேரம் காலியாகிவிடும். கழற்றுவதற்கு முன்பே பக்கத்து ஊர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு) கூட்டத்துக்கு அவரை ஒருமுறை கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிடுவது நல்லது. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு. அவரை அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கிவைக்கச் சொல்லவேண்டும், ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர்.

மறுபடி குடித்துவிட்டு வந்தால் திட்டு அப்புறம். எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும்.