சாட்டர்ன் ஃபைவ் டிராயிங் எங்கேயும் தொலைஞ்சு போகல

நிலாவுக்கு ஆளை அனுப்புன சாட்டர்ன் ஃபைவ் ராக்கெட்டோட டிராயிங் எல்லாத்தையும் நாசா தொலைச்சிருச்சாம், அதனாலதான் திரும்ப கட்ட முடியலயாம், அப்போ போனதே பொய்யாம். கோலாலம்பூர் செந்தூல்ல நாங்க தே தாரிக் குடிக்கிற கடையில இப்போ இதான் பேச்சு. எனக்கு சும்மா கேட்டுட்டு இருக்க முடியல. டிராயிங் மைக்ரோஃபிலிம்ல பத்திரமா இருக்கு. மிச்சமான மூணு ராக்கெட் ஹூஸ்டன், ஹண்ட்ஸ்வில், கென்னடி ஸ்பேஸ் சென்டர்னு மூணு இடத்துல இருக்கு, டிக்கெட் வாங்கிட்டு யாரும் போய் பார்க்கலாம்.

உயரம் 110.6 மீட்டர். நம்ம பத்துமலை முருகன் 42.7 மீட்டர், அப்போ ரெண்டரை முருகனுக்கு மேல. அடியில அஞ்சு எஃப்-1 இஞ்சின், ஒவ்வொண்ணும் சுமார் 680 டன் தள்ளும், மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து அஞ்சு இஞ்சின்லயும் மொத்தமா செகண்டுக்கு 13 டன் எரிஞ்சு, ரெண்டரை நிமிஷத்துல கீழ் ஸ்டேஜ் காலி.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த இஞ்சினை அடக்குன கதைதான். அவ்வளவு பெரிய அறைக்குள்ள எரியிற நெருப்பு திடீர்னு ஒரு பக்கமா அலைய ஆரம்பிச்சிரும், அழுத்தம் ஏறி இறங்கி கண் மூடி திறக்கிறதுக்குள்ள இஞ்சினே உருகிப் போயிரும், 1962 ஜூன்ல கலிபோர்னியா டெஸ்ட்ல அப்படித்தான் ஒண்ணு போச்சு. ஏன்னு அப்போ இருந்த கணக்கு எதுலயும் பிடிபடல. அதனால என்ன பண்ணாங்கன்னா, இஞ்சின் எரிஞ்சிட்டு இருக்கும்போதே உள்ள ஒரு சின்ன வெடிகுண்டை வெடிக்க வச்சு நெருப்பை வேணும்னே கலைச்சு விட்டாங்க, அது தானா அடங்குதான்னு பார்த்தாங்க. எண்ணெயும் ஆக்சிஜனும் பீச்சுற தட்டுல செம்புத் தடுப்பு வச்சு, ஓட்டையோட கோணத்தை மாத்தி, திரும்ப குண்டு, திரும்ப மாத்தல், இப்படியே வருஷக்கணக்கா. கடைசியில குண்டு வெடிச்சாலும் செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல நெருப்பு அடங்குச்சு. 1967ல இருந்து 1973 வரைக்கும் 13 தடவை பறந்துச்சு, மொத்தம் 65 எஃப்-1, வானத்துல ஒண்ணு கூட கைவிடல!

சரி, டிராயிங் இருக்கே, ஏன் அப்படியே கட்டல? நான் வெல்டிங் பட்டறையில வேலை செய்றவன், எனக்கு இது நல்லாவே புரியுது. பேப்பர்ல இருக்கிறது ஒண்ணு, வேலை செய்றவன் அந்த பீஸுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழைச்சு பொருத்துறது இன்னொண்ணு. எஃப்-1ல ஒவ்வொரு இஞ்சினுக்கும் அப்படி தனித்தனியா கைவேலை இருந்துச்சு, அதுல நிறைய விஷயம் செஞ்சவங்களோட சொந்த குறிப்புல இருந்து அவங்களோடயே போயிருச்சு. பாகம் சப்ளை பண்ண கம்பெனிகள் பலதும் இப்போ இல்ல.

அதுக்காக யாரும் சும்மா விட்டுடல. ஹண்ட்ஸ்வில்ல இருக்கிற நாசாவோட மார்ஷல் சென்டர்ல இந்தக் காலத்து இளம் இஞ்சினியர்ங்க ஒரு பழைய எஃப்-1ஐ போல்ட் போல்டா கழட்டி, ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் பண்ணி, 2013 ஜனவரில அதோட கேஸ் ஜெனரேட்டரை மட்டும் எரிச்சுக் காட்டுனாங்க. எண்ணெயையும் ஆக்சிஜனையும் இஞ்சினுக்குள்ள தள்ளுற பம்பை சுத்த விடுறதுதான் அதோட வேலை, அந்த பம்புக்கே 55,000 குதிரைசக்தி வேணும்! இப்போ நிலாவுக்குப் போற எஸ்எல்எஸ் ராக்கெட்ல வேற இஞ்சின், அது சரியான முடிவுதான். ஆனாலும் ஒரு முழு எஃப்-1 இன்னொரு தடவை எரியிறத என் ஆயுசுல பார்த்துடணும்னு ரொம்ப ஆசை.