அந்தக் கட்டத்தில் போட்ட சரி

இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நான் எடுத்த முதியோர் எழுத்தறிவு வகுப்பு முடிந்து ஒவ்வொருவருக்கும் நிரப்பும் படிவத்தின் கடைசிக் கட்டம்: ‘எழுத, வாசிக்கத் தெரியுமா?’ சரி போட்டேன். பக்கத்தில் நின்ற அக்கா சம்பளச் சிட்டையை விரித்துக் காட்டினார்.

“டீச்சர், இதுல என் நம்பர் மட்டுந்தான் வெளங்குது. நம்பர் எனக்கு முந்தியே தெரியுமே. அப்ப நான் படிச்சது எது?”

சிட்டை இங்கிலீசில் அச்சாகியிருந்தது. அதைத்தான் பதிலாகச் சொன்னேன். அவர் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். படிவம் அப்படியே வலயக் கல்விப் பணிமனைக்குப் போனது.

பொய் எழுதவில்லை. பெயரும் விலாசமும் எழுதுவார், ‘படம்’, ‘பால்’, ‘மலை’ என்று அச்சில் இருந்தால் விரல் வைத்து வாசிப்பார். படிவம் கேட்டது அவ்வளவுதான். குடிசன மதிப்பீட்டிலும் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்று கேட்டு, வீட்டில் சொல்லும் பதிலைத்தான் பதிகிறார்கள். ஒரு பத்தியை நீட்டி வாசிக்கச் சொல்வதில்லை. ஆனாலும் அவர் கேள்விக்கு இது பதில் இல்லை.

முதியோர் வகுப்பில் ‘அ’னாவில் தொடங்குவதே முதல் பிழை. சுழியும் வளைவுமான எழுத்து அது. கொழுந்துச் சாயம் ஏறி வெடித்த விரலுக்குப் பென்சிலே புதிது. ட, ப, ம என்ற, பெரும்பாலும் நேர்கோடான எழுத்துகளில் தொடங்கினால் முதல் நாளே ‘படம்’ வாசித்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் எழுதக் கேட்கும் சொல் ‘கொழுந்து’. அதுவோ மகா கஷ்டம். ‘கொ’வில் குறி முன்னாலும் பின்னாலும் நிற்கும், ‘ழு’வின் உகரம் ஒரு விதம், ‘து’வின் உகரம் வேறு விதம், நடுவில் புள்ளி வைத்த ‘ந்’. அந்தச் சொல்லை மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளினால் மனம் விட்டுப் போகிறது. இதற்கு எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அடுத்தது கண். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும். “மண்டையில ஏறல டீச்சர்” என்பவர்களில் பலருக்கு மண்டையில் குறையில்லை, வாசிப்புக் கண்ணாடிதான் இல்லை. வகுப்பு தொடங்கும் முன்பே கண் பரிசோதனை நடக்க வேண்டும்.

பிறகு நேரம். பின்னேரக் கொழுந்து நிறுத்து, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டிவிட்டு வந்தால் மணி ஆறு தாண்டும். கொழுந்து கூடும் மாதங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆனால் பாடத்திட்டம் நிற்பதில்லை. விட்ட எழுத்து விட்டதுதான்.

இப்போது சிட்டைக்கு வருகிறேன். அதில் தெரியவேண்டியது ஐந்து இடம்: எத்தனை பேர் விழுந்தது (எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியது), மேலதிகமாகப் பறித்த கிலோ, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி, அட்வான்ஸ், கையில் வரும் காசு. இலக்கம் எல்லோருக்கும் தெரியும். தராசு முன்னால் நின்று பழகியவர்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு சிட்டையைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, ஈ.பி.எஃப். என்ற மூன்று எழுத்தைப் படமாகக் காட்டி, நூற்றுக்கு 8 இங்கே கழிகிறது, தோட்டம் 12 போட வேண்டும் என்று விளக்க இரண்டு பின்னேரம் போதும். நான் செய்யவில்லை. கையேட்டில் அது இல்லை, கையேட்டை முடிக்கவே மணித்தியாலம் பற்றவில்லை. இது உண்மைக் காரணம்தான். என்றாலும் நானும் அதே சிட்டையை மாதக்கணக்கில் அவர்கள் கையில் கண்டவள்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது. இந்தச் சிட்டை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எனவே பிழை வகுப்பில் இல்லை, சிட்டையில் என்று சில நாள் தேற்றிக்கொள்வேன். மறுநாள், சிட்டை தமிழில் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா என்று தோன்றும்.

‘இல்லை’ என்று போட்டிருந்தால் சான்றிதழ் வந்திராது. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வகுப்பும் அந்த லயத்துக்குக் கிடைத்திராது. அப்படித்தான் அன்று நினைத்தேன். அந்தக் கட்டத்துக்கு வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் இருந்தது. ‘தமிழில் மெதுவாக வாசிப்பார், சம்பளச் சிட்டை வாசிக்கத் தெரியாது’ என்று எழுத அந்த இடம் போதும்.